உயிரும் உரிமையும்

மண்ணில் வாழும் சூடோமோனாசு இனப் பற்றீரியாக்களுட் சில, எண்ணெயிலுள்ள ஐதரோகாபன்களைச் சிதைத்து உணவாக்க வல்லன. எனினும் ஒவ்வொரு வகையும் எண்ணெயின் சில கூறுகளையே சிதைக்கும். வங்காளத்திற் பிறந்து, ஐக்கிய அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியிற் பணியாற்றிய விஞ்ஞானி ஆனந்த சக்கரபர்த்தி, இவ்வாற்றல்களைத் தாங்கும் பரம்பரைப் பொருள் வளையங்களான பிளாசுமிட்டுகள் பலவற்றை ஒரே பற்றீரியாவிற் சேர்த்தார். 1972 ஆம் ஆண்டில் அதற்கு ஆக்கவுரிமை கோரப்பட்டது. ஆக்கும் முறைக்கு உரிமை வழங்க இசைந்த அலுவலகம், உயிருக்கு வழங்க மறுத்தது. 1980 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால், உரிமை உண்டெனத் தீர்த்தது. உயிருள்ளதா இல்லதா என்பதன்று, இயற்கை தந்ததா மனிதன் ஆக்கியதா என்பதே வினாவென அது கொண்டது.

இக்கொள்கை ஆராயற்பாலது. உழைத்தவனுக்குப் பயன் உரியது என்பதை எவரும் மறுக்கார். குயவன் மண்ணைப் படைத்தவன் அல்லன். எனினும் வனைந்த குடம் அவனுடையதே. ஆயின் குடம் குடத்தை ஈனுவதில்லை. பற்றீரியாவோ தன்னைத் தானே பெருக்குகின்றது. முதலாவது உயிரில் மனித உழைப்பு உண்டு. அதன் ஆயிரமாவது தலைமுறையில் உழைத்தவர் எவர்?

இவ்வினா ஆய்வுகூடத்தோடு நின்றுவிடவில்லை. இந்தியானாவைச் சேர்ந்த கமக்காரர் ஒருவர், களஞ்சியத்தில் விலைகொடுத்து வாங்கிய சோயா அவரையை விதைத்து, விளைந்ததில் விதை ஒதுக்கி மீண்டும் விதைத்தார். அவ்விதை ஆக்கவுரிமை பெற்ற இனத்தின் வழிவந்தது. அவர் செய்தது உரிமை மீறலென 2013 ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் தீர்த்தது. விதை தானே பெருகியது என்ற வாதம் ஏற்கப்படவில்லை. அடுத்த போகத்திற்கு விதை ஒதுக்குதல் கமத்தொழிலின் தொன்மையான வழக்கம். அவ்வழக்கமே இங்கு குற்றமாயிற்று.

பெருக்கத்தை விட்டுவிட்டால் முதல் விற்பனையோடு ஆக்கியோனின் பயன் அற்றுப்போகும் என்பர். அதில் உண்மையுண்டு, ஆக்கவுரிமை காலவரையறை உடையது என்பதும் உண்மையே. ஆனால் இவ்வாதம் நிறுவுவது, ஆய்வுக்கு ஊதியம் வேண்டும் என்பதை மட்டுமே. அவ்வூதியத்தை உயிரின் ஒவ்வொரு தலைமுறையிலிருந்தும் அறவிட வேண்டுமென்பதை அது நிறுவவில்லை. பொதுநிதியிலிருந்து ஆய்வாளனுக்குத் தகுந்த பரிசை ஒருமுறை வழங்குதலும் இயலும். சக்கரபர்த்தி சேர்த்த ஆற்றல்களை முதலில் வளர்த்தவை மண்ணிலிருந்த உயிர்களே. சேர்த்த அறிவுக்கு விலை கொடுத்தல் நீதி. பிறப்புக்குத் தொடர்ந்து வரி கேட்டல் நீதியாகாது.