யாருடைய தவம்?

தேய்பிறை அஷ்டமி நாளில் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் ஆலயத்துக்குச் சென்றவர்கள், அங்கே சொர்ண ஆகர்ஷண பைரவர் சந்நிதியின் முன் கூடி நிற்கும் ஜனங்களைக் கண்டிருப்பார்கள். திண்டுக்கல் நகரத்திலிருந்தும் சுற்றுப்புறத்துக் கிராமங்களிலிருந்தும் வந்து நிற்கும் அந்தக் கூட்டத்தில் பலருடைய பிரார்த்தனை ஒன்றே: கடன் தீரவேண்டும். கும்பகோணத்தை அடுத்த திருச்சேறையில் ருண விமோசன லிங்கேசுவரர் முன் கைகூப்பி நிற்பவர்கள் கேட்பதும் இதுவேதான். மோக்ஷத்தைக் கேட்கவேண்டிய இடத்தில் மாதத் தவணையைப் பற்றி முறையிடுவது தாழ்ந்த பக்தியென்று கருதும் வேதாந்திகள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுப் பத்திரம் இன்னொருவர் பெட்டகத்தில் இருக்கையில் அந்த வீட்டுத் திண்ணையில் நிம்மதியாக உட்கார முடியாத மனிதன், தன் பாரத்தைத் தெய்வத்தினிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வான்? ஆனால் அந்தப் பிரார்த்தனையோடு சேர்த்து நம்மை நாமே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கடனைக் குறித்த காலத்துக்கு முன்பே அடைத்துவிட வேண்டுமென்று நாம் மேற்கொள்ளும் வேகத்துக்கு விலை கொடுப்பவர் யார்?

அந்த வேகம் வீணான வேகமன்று. 20 லட்சம் ரூபாயை எட்டரை சதவிகித வட்டிக்கு 20 வருஷத் தவணையில் வாங்கியவர் மாதம் ஏறக்குறைய 17,350 ரூபாய் கட்டவேண்டும்; முதல் மாதம் கட்டும் அந்தத் தொகையில் 14,000 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போய்விட, அசலில் கழிவது மூவாயிரத்துச் சொச்சந்தான். கடைசித் தவணையும் கட்டி முடிக்கும்போது வட்டியாக மாத்திரம் இருபத்தொன்றரை லட்சத்துக்கு மேல், அதாவது வாங்கிய அசலையும் தாண்டி, கொடுத்திருப்பார். வருஷத்துக்கு ஒரே ஒரு தவணையைக் கூடுதலாகக் கட்டிவந்தாலோ, 20 வருஷத்தில் மூன்று வருஷத்துக்கு மேல் குறைந்துவிடுகிறது. மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பவரிடம் வங்கிகள் அபராதம் வாங்கக்கூடாதென்று ரிசர்வ் வங்கி 2012 ஜூன் மாதத்தில் உத்தரவிட்டபின் அதற்குத் தடையும் இல்லை. மாறும் வட்டி பின்தொடரும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையே 4 சதவிகிதத்திலிருந்து ஆறரைக்கு ஏறியபோது, மாதத் தொகை மாறாமலே தவணைக் காலம் நீண்டு, தாம் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் கட்டவேண்டியிருக்குமென்று அறிந்து திடுக்கிட்ட குடும்பத் தலைவர்கள் அநேகர்.

கடனுக்கு எங்கேனும் ஓர் எல்லை இருக்கவேண்டுமென்பது நம் முன்னோர்களும் உணர்ந்த விஷயமே. ஒரே சமயத்தில் வசூலிக்கும் வட்டி அசலுக்கு மேல் போகலாகாதென்று மனுவும் கௌதமரும் விதித்தார்கள். 1938-இல் ராஜாஜி மந்திரிசபை இயற்றிய சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், அசலைப் போல் இருமடங்கு கட்டிவிட்ட குடியானவனின் பழைய கடனைத் தீர்ந்ததாகவே கொண்டது. தகப்பன் பட்ட கடனை மகன் தீர்ப்பது வெறும் லௌகிகக் கடமையன்று, பிதாவைப் பரலோகத் துன்பத்திலிருந்து மீட்கும் தர்மமென்று பழைய ஹிந்து தர்மசாஸ்திரம் வைத்திருந்தது. சூதுக்கும் குடிக்கும் பட்டவை போன்ற கடன்களுக்கு விலக்கு உண்டு. 2005-ஆம் வருஷத்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அந்தத் தர்மத்தின் பேரில் மகன்மீது வழக்குத் தொடரும் உரிமையை நீக்கிவிட்டது உண்மைதான். என்றாலும் அடமானத்திலிருக்கும் வீட்டை எந்தச் சட்டமும் தானாக மீட்டுத் தராது. பிள்ளைகள் தலையில் கடனை வைத்துவிட்டுப் போகக்கூடாதே என்று தவிக்கிற தகப்பன் சரியான காரணத்துக்காகவே தவிக்கிறான்.

திண்டுக்கல்லில் பேகம்பூர்ப் பள்ளிவாசலைச் சுற்றி வாழும் இஸ்லாமியக் குடும்பங்களுக்கும் இந்தத் தவிப்பு அந்நியமானதன்று. கடன் தீராமல் இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழுகை நடத்தத் தயங்கிய நபிகள் நாயகம், தோழர் அபூ கத்தாதா அந்தக் கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பிறகே தொழுகை நடத்தினார் என்று ஹதீஸ் கூறுகிறது. கடனின் கனத்தை இதைவிட அழுத்தமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் என் மனத்தை அதில் அதிகமாகக் கவர்வது, அபூ கத்தாதா அந்தப் பாரத்தைத் தாமே முன்வந்து ஏற்றார், ஒருவரும் அவர்மேல் சுமத்தவில்லை என்பதுதான்.

இனி நம் ஊர்க் குடும்பமொன்றின் உள்ளே பார்ப்போம். நூற்பாலையிலோ பள்ளிக்கூடத்திலோ பூமார்க்கெட்டின் கமிஷன் கடையிலோ உழைத்துச் சம்பாதிக்கும் ஒருவர், இன்னும் ஐந்து வருஷத்தில் வீட்டுக் கடனை முடித்துவிடுவதென்று சங்கற்பம் செய்துகொள்கிறார். அன்று முதல் வீட்டில் இரண்டு நோட்டுகள் ஒன்றோடொன்று மோதத் தொடங்குகின்றன. ஒன்று வங்கியின் கணக்கு. மற்றது பீரோவின் அடித்தட்டில், பழைய பட்டுப்புடவைக்குக் கீழே கிடக்கும் மொய் நோட்டு. மூத்த மகளின் காதுகுத்துக்கு மண்டப வாசலில் மேசை போட்டு எழுதிய அந்த நோட்டில், ஊர், பெயர், தொகை என்று வரிசையாக நிற்பவர்கள் எல்லாரும் ஒருநாள் தங்கள் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வைக்க வருவார்கள். நத்தத்துச் சித்தப்பா வீட்டில் வாங்கிய 500 ரூபாயை அதே 500 ரூபாயாகத் திருப்பிச் செய்ய எந்த மானமுள்ள குடும்பமும் சம்மதிக்காது. வங்கிக்குக் கட்டுவது எழுத்தில் கண்ட கடன். மொய்க் கடனையோ எந்தக் கோர்ட்டும் விசாரிக்காது. ஆயினும் அது, திருப்பிச் செய்யாதவளைச் சபை நடுவில் தலைகுனிய வைக்கும். "இந்த வருஷம் எந்த விசேஷத்துக்கும் போகவேண்டாம்" என்று கணவர் தீர்மானித்தால், அந்தத் தீர்மானத்தின் அவமானத்தைத் தாங்குகிறவள் பெரும்பாலும் மனைவியே. கூடவே, தாயாரின் கண்புரைச் சிகிச்சை தள்ளிப்போகிறது. பையனின் பள்ளிச் சுற்றுலா நின்றுபோகிறது. விருந்தாளி வரும் நாளில் வீட்டில் பேச்சு குறைகிறது.

மனிதன் தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் பித்ருக்களுக்கும் கடன்பட்டே பிறக்கிறான் என்று வேதம் பேசுகிறது. அம்மூன்று ருணங்களையும் தீர்த்த பிறகே மனத்தை மோக்ஷத்தில் செலுத்தவேண்டும், தீர்க்காமல் மோக்ஷத்தை நாடுகிறவன் கீழே விழுகிறான் என்பது மனுவின் தீர்ப்பு. இதற்கு நேர்மாறாக ஜாபால உபநிஷத்து, எந்த நாளில் வைராக்கியம் பிறக்கிறதோ அந்த நாளிலேயே துறந்து வெளியேறலாமென்கிறது. காலக்கிரமத்தைக் காத்திருந்து அடைவதா, கணத்தில் அறுத்தெறிவதா என்ற இந்தப் பழைய விவாதம், அடமானக் கடனை அடைக்கும் குடும்பஸ்தனுக்கும் பொருந்துகிறதென்று நினைக்கிறேன். முன்கூட்டிக் கடனை முடிக்க விரும்புகிறவனிடம் ஜாபாலத்தின் வேகம் இருக்கிறது. அதில் ஓர் அழகும் இருக்கிறது. ஆனால் ஜாபாலம் காட்டும் துறவி தன் சுகத்தைத்தான் துறக்கிறான், தன் பசியைத்தான் பொறுக்கிறான். குடும்பஸ்தனோ தன் சங்கற்பத்துக்காகத் தாயின் பார்வையையும் மனைவியின் மரியாதையையும் குழந்தையின் குதூகலத்தையும் செலவிடுகிறான். தானே வரித்துக்கொண்ட உபவாசம் தவம். பிறர்மேல் விதித்த உபவாசத்துக்குத் தவம் என்ற பெயர் எப்படிப் பொருந்தும்?

இதனால் விரயத்தை நான் ஆதரிக்கவில்லை. வலியறிதல் என்ற அதிகாரத்தில் திருவள்ளுவர் வரவையும் செலவையும் பற்றிச் சொல்வதைக் கேட்கிற எவரும் ஆடம்பரத்தை ஆதரிக்க மாட்டார். கந்துவட்டிக்கு வாங்கிக் கிடாவெட்டி ஊரைக் கூட்டுவதும், பக்கத்து வீட்டாருக்காக வண்டி மாற்றுவதும் உடனே நிறுத்தத் தக்கவை. ஆனால் அதே வள்ளுவர் இல்வாழ்வான் பேணவேண்டிய ஐவரில், பித்ருக்கள், தெய்வம், விருந்து, சுற்றம் ஆகிய நால்வருக்குப் பிறகு தன்னையும் ஒருவனாக வைத்தார். அந்த ஐந்தில் எதையும் வங்கிக்காக ஒரேயடியாக அழித்துவிட அவர் இடம் வைக்கவில்லை.

ஆகையால் கூடுதல் தவணைக்கான பணம் முதலில் சங்கற்பம் செய்தவனுடைய சுகத்திலிருந்து வரட்டும். அவன் குடிக்கும் சிகரெட்டிலிருந்தும் அவன் மாற்ற நினைக்கும் செல்பேசியிலிருந்தும் வரட்டும். போதாவிட்டால், கடன் பத்திரத்தில் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்ட மனைவியிடம் கணக்கை வைத்துக் கேட்கட்டும். வங்கி கேட்டு வாங்கிய சம்மதத்தைக் கணவனும் கேட்பதில் குறைவு ஒன்றுமில்லை. 50,000 ரூபாயை ஒரு வருஷம் தள்ளிக் கட்டினால், மேலே சொன்ன எட்டரை சதவிகிதத்தில் அவ்வருஷத்தில் கூடும் வட்டி 4,250 ரூபாய்க்குச் சற்று மேல்தான். அந்த 50,000 ரூபாயில் தாயாரை மதுரைக்கு அழைத்துப்போய்க் கண்ணைக் காட்டிவரலாம், நத்தத்துச் சித்தப்பா வீட்டு மொய்யையும் செய்யலாம். இரண்டையும் முடித்துவிட்டு அடுத்த சித்திரையில் மறுபடி வங்கிக்குப் போகட்டும்.