அடக்கமும் மறதியும்

ஒருவன் பிறர்க்குத் தீங்கு செய்யாதிருப்பது வலிமை இன்மையாலா, அன்றி வலிமையை ஆளும் வேறொரு வலிமை அவனிடம் இருப்பதாலா என்று நீதி நூலார் நெடுங்காலமாக விசாரித்து வந்திருக்கின்றனர். அந்த விசாரணைக்குச் சரீர சாஸ்திரமும் இன்று ஒரு சாட்சியம் அளிக்கிறது.

உடல் தனக்கே நஞ்சாவதை இயற்கை அஞ்சி விலக்கும் என்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் கருதினார். ஆயினும் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழிக்கும் முதல்வகை நீரிழிவிலும், தோல் முதல் சிறுநீரகம் வரை பற்றும் லூப்பஸ் நோயிலும் நோயெதிர்ப்புச் சக்தி என்னும் வேலியே பயிரை மேய்வதை மருத்துவர்கள் கண்டனர். காவலையே தளர்த்தும் மருந்துகளைத் தந்தபோது உட்பகை தணிந்தது. அதனுடன் புறப்பகையைத் தடுக்கும் ஆற்றலும் குன்றியது.

காவலைக் குலைக்காமல் உட்பகையை மட்டும் தணிக்கும் வழிக்கு ஒரு சோதனை தடயம் தந்தது. பிறந்து மூன்றே நாளான எலிக்குஞ்சின் உடலில், டி அணுக்கள் என்னும் எதிர்ப்பு அணுக்கள் முதிரும் தைமஸ் சுரப்பியை அகற்றிவிட்டால், அதன் எதிர்ப்புச் சக்தி ஒடுங்குவதற்குப் பதிலாக வெறிகொண்டு சொந்த உறுப்புகளையே தாக்குகிறது. நலமுள்ள எலியின் டி அணுக்களைச் செலுத்தினாலோ அவ்வெறி அடங்குகிறது. இந்த விந்தையின் காரணத்தைத் தேடிய ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி, தம் இனத்தாரையே கட்டுப்படுத்தும் ஒருவகை டி அணுக்கள் உண்டென்று 1995-இல் காட்டினார். 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் மேரி ப்ரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் வழங்கப்பட்டது. அத்தகைய அணுக்களை நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, பெருக்கி, அவருக்கே திரும்பச் செலுத்தும் சிகிச்சை இப்பொழுது பரிசோதனையில் இருக்கிறது. இது அடக்கத்தின் மார்க்கம்.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கேயார்க் ஷெட் குழுவினர் கைக்கொண்டதோ மறதியின் மார்க்கம். நோயாளியின் டி அணுக்களை மரபணு மாற்றத்தால் கூர்மைப்படுத்தி, எதிர்ப்பொருள் உண்டாக்கும் பி அணுக்களின் மேல் ஏவினர். கடுமையான லூப்பஸ் கண்ட ஐவருக்கும் நோய் தணிந்ததை 2022-இல் அவர்கள் வெளியிட்டனர். சில மாதங்களில் பி அணுக்கள் மீண்டும் தோன்றின. ஆனால் பழைய பகையின் நினைவின்றிப் புதியனவாகத் தோன்றின. தடுப்பூசிகளால் முன்பு பெற்றிருந்த பாதுகாப்போ பெரும்பாலும் அழியாமல் நின்றது.

நினைவை அழித்துப் பெறும் சாந்தியை அற்பமென்று தள்ளலாகாது. துன்புற்றவர்க்கு அது மறுபிறவி. எனினும் தன்னையே தாக்கவல்ல அணுக்கள் நோயற்றவர் உடலிலும் ஓயாது பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆதலின் மறதி எத்துணை முழுமையானதாயினும் அது பகைக்கு ஓர் இடைவெளியே. அதனை நிலையான சமாதானமாக்குவது அடக்கத்தின் நித்தியக் கடமை. ஆரோக்கியமான சரீரம் குரோதமே அறியாத சரீரம் அன்று, குரோதத்தை நாள்தோறும் ஆண்டுவரும் சரீரம் என்று தெளிந்தால், மனத்தில் சினம் எழுவதையே பாவமென்று நொந்துகொள்ளும் சாதகனும் தன் முயற்சியை எங்கே செலுத்தவேண்டும் என்பதை அறிந்துகொள்வான்.