பாணந்தி சாப்பிட்டாளா?

பெங்களூரு சி.வி. ராமன் நகரில் மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது மூன்றரை மாதம் அங்கே தங்கியிருந்தேன். குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு கன்னடத்துப் பாட்டி, அஜ்ஜி, வருவார். உள்ளே நுழைந்ததும் தொட்டில் பக்கம் போகமாட்டார். "பாணந்தி ஊட்டா மாடித்லா?" என்று கேட்பார். பாணந்தி என்றால் பிள்ளை பெற்றவள். அவள் சாப்பிட்டாளா என்று தெரிந்த பிறகுதான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பார். தாய்க்கும் சேய்க்கும் சேர்த்துச் செய்யும் பணிவிடை முழுவதற்கும் கன்னடத்தில் 'பாணந்தன' என்று ஒரே சொல் இருப்பதை அவரிடம்தான் கற்றேன்.

மற்ற எல்லாரும் குழந்தையைப் பற்றியே கேட்டோம். ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு போனிலும், "முகம் பார்த்துச் சிரிக்கிறாளா? கழுத்து நின்னுடுச்சா?" மூன்று மாதம் முடிந்த வாரம் நானே சொன்னேன்: "சித்தி பேரன் இதுக்குள்ள குப்புற விழுந்துட்டானாம்." மகள் பதில் பேசவில்லை. அன்று நள்ளிரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறை இருட்டில் குழந்தையைத் தோளில் போட்டபடி அழுதுகொண்டிருந்தாள். "என் பால்ல சத்து இல்லையாம்மா?" என்றாள். அந்தக் கேள்வியை அவள் மனதில் போட்டது நான்தான்.

குழந்தை எந்த மாதத்தில் என்ன செய்யும் என்று கணக்கு வைப்பது நமக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழ் இலக்கணமே 3-ம் மாதக் காப்பில் தொடங்கி, 5-ல் செங்கீரை, 7-ல் தால், 9-ல் சப்பாணி என்று 21-ம் மாதம் வரை பத்துப் பருவம் வகுத்திருக்கிறது. அது பிள்ளையைக் கொண்டாட வகுத்த கணக்கு. நாம் அதைத் தேர்வு அட்டவணையாக மாற்றிவிட்டோம்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலும் நடக்கலாம், 9.2 மாதத்திலும் நடக்கலாம். தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. நூற்றில் நான்கு குழந்தைகள் முட்டிபோட்டுத் தவழவே இல்லை, அவர்களும் நடந்தார்கள். என் பேத்திக்கும் சித்தி பேரனுக்கும் இடையில் நான் கண்ட வித்தியாசம் இத்தனை அகலத்தில் எந்த மூலைக்கு?

கவனிக்க வேண்டியவை உண்டு. பிறந்த சில நாளில் எடை சற்றுக் குறையும். இரண்டு வாரத்துக்குள் மீண்டுவிட வேண்டும். முதல் வாரங்களில் நாளுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் கேட்கும். பால் போதுகிறதா என்பதை நனைந்த துணிகளே சொல்லிவிடும். முதல் வாரம் கழிந்தபின் நாளுக்கு ஆறுக்குக் குறையக் கூடாது. அழுகை ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். தூங்கும்போது மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. மருத்துவர் இதைச் சொன்ன அன்றே அஜ்ஜி அந்தப் பழக்கத்தைக் கைவிட்டார். குழந்தை சத்தத்துக்குத் திரும்பாவிட்டாலோ, முன்பு செய்ததைச் செய்யாமல் விட்டாலோ அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திராமல் காட்டிவிட வேண்டும்.

பிறந்த குழந்தைக்கு ஒரு சாண் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அது. குழந்தை உலகத்தைப் பார்க்கத் தொடங்குவதே அந்த முகத்தில் என்றால், அது களைத்து இருண்டு கிடப்பதும் குழந்தையின் காரியம்தானே? 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு, இந்தியாவில் பிள்ளை பெற்ற பெண்களில் 22 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் கணக்கிட்டது. முதல் சில நாள் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் நேர்வது. இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது நோய். மருந்தும் ஆதரவும் அதைக் குணப்படுத்தும். இதே பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில், மனநலம் குன்றிய தாயைக் கைக்குழந்தையோடு சேர்த்தே அனுமதித்துச் சிகிச்சை தரும் தனிப் பிரிவு 2009-லிருந்து இயங்குகிறது. இருவரையும் பிரிக்காமல் பார்த்துக்கொள்ளும் அந்த ஏற்பாடு, அஜ்ஜியின் ஒற்றைச் சொல்லுக்கு மருத்துவம் கட்டிய வீடாகவே எனக்குப் படுகிறது.

அவள் சமையலறையில் அழுததற்கு மறுநாள் முதல், இரவில் ஒரு முறை, பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். இன்னொரு முறை மாப்பிள்ளை. பகலில் அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை போனை எடுக்கவில்லை. மருத்துவரிடம் போனபோது குழந்தையின் எடையோடு அவள் தூக்கத்தைப் பற்றியும் பேசினோம். கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகம் தெளிந்தது.

பேத்தி குப்புற விழுந்தது நான் ஊர் திரும்பிய பிறகு. எந்தத் தேதி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் மகள் ஐந்து மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கி எழுந்து, "அம்மா, இன்னிக்கு நல்லாப் பசிக்குது" என்று சொன்ன காலைப் பொழுது நன்றாக நினைவிருக்கிறது. அஜ்ஜி வந்து கேட்பதற்கு முன்பே அன்று அவள் சாப்பிட்டிருந்தாள்.