பாணலிங்கமும் முக்காரணமும்

நருமதையாற்றிற் கிடைக்கும் வழவழப்பான நீள்வட்டக் கூழாங்கற்களைப் பாணலிங்கமெனக் கொண்டு சைவநன்மக்கள் வழிபடுவர். அவை தாமே தோன்றியனவாகலின் அவற்றிற்குப் பிரதிட்டை வேண்டாவென்பது வழக்கு. இவ்விடத்து, "நீரும் மணலுமே அக்கல்லை உருட்டித் திரட்டினவெனின், ஆண்டு இறைவன் செயல் யாது?" என வினாவுவாருமுளர். அதனைச் சிறிது ஆராய்வாம்.

அமரகண்டகத்திற் பிறந்து ஏறக்குறைய 1,312 கிலோமீட்டர் ஓடி அரபிக்கடலிற் கலக்கும் அந்நதி, பாறைகளினின்றும் உடைந்த கற்களை வெள்ளத்தில் ஈர்த்துச் செல்கின்றது. அவை ஒன்றோடொன்று மோதுங்கால், புறத்தே நீண்ட மூலைகளே முன்னர்த் தேயும். மணல் அராவி மேற்பரப்பை மென்மையாக்கும். சுழலுள்ள பாறைக்குழிகளிற் சிக்கியவை ஆண்டே சுழன்று தேய்தலுமுண்டு. சுண்ணக்கல் விரைவில் உருளும். பாணலிங்கங்களிற் பலவற்றிற்குரிய குவார்ட்சு என்னும் கல்லினமோ, எஃகுக்கத்தியாலும் கீறப்படாத வன்மையுடைத்தாகலின், மிக மெல்லத் தேய்வதாம்.

ஈண்டுக் கல் முதற்காரணம். நீரும் மணலும் துணைக்காரணம். ஆறே நிமித்தகாரணமாகாதோவெனின், ஆகாது. அறிவிலதாகிய அது தான் செய்வதை அறியாது. அற்றேல், இறைவன் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியே கடைந்தானோவெனின், அங்ஙனங் கூறுதல் சித்தாந்தமன்று. ஞாயிற்றின் முன்னர்த் தாமரை தன் பக்குவத்திற்கேற்ப அலருமாறுபோல, அவன் சந்நிதியிற் சடப்பொருள்கள் தத்தம் இயல்பின்வழித் தொழிற்படும். சிவஞானபோத முதற்சூத்திரம் கருத்தாவை நாட்டுவது ஒரு கல்லின் வடிவத்தை வியந்தன்று. முத்தொழிற்படும் உலக முழுமையும் நோக்கியேயாம். ஆகலின், கல் திரண்ட முறை விளங்குதலால் நங்கொள்கைக்கு இழுக்கொன்றுமில்லை. விளங்காமையையே இறைவனுக்குச் சான்றாக வைப்பார்க்கே, விளக்கம் வருந்தோறும் அச்சம் உண்டாம்.

இழுக்கு வேறோரிடத்துளது. இக்காலத்து நருமதைக்கரையிற் கைவினைஞர் ஆற்றுக்கல்லைக் கடைந்து மெருகிடுகின்றனர். அத்தொழில் குற்றமன்று. அதனை ஆறே திரட்டியதெனச் சொல்லி விற்றலும், ஆராயாது வாங்கிப் பிரதிட்டையை ஒழித்தலுமே குற்றமாம். ஆறு தேய்த்த கல்லிற் பெரும்பாலும் மோதலாலாகிய பிறைவடிவ நுண்வடுக்களும் சிறுகுழிகளும் காணப்படும். வடிவமும் சிறிது கோணியிருக்கும். கடைந்த கல்லோ எப்புறமும் ஒத்துக் கண்ணாடிபோல் ஒளிரும். இவற்றை நுனித்து நோக்கியறிக. கடைந்ததெனத் தெரியின், ஆகமவிதிப்படி பிரதிட்டை செய்து வழிபடுக, அதனாற் சிறுமையொன்றுமில்லை. மெய்ப்பொருளை வழிபடப் புகுவார்க்குக் கல்லைப்பற்றியும் மெய்யே உரைத்தல் கடனென்க.