ஊர் மைதானமும் நமது கடமையும்



இந்த வாரம் உங்களோடு ஆலோசிக்க எடுத்துக்கொண்ட விஷயம் ஊருக்கு நடுவே கிடக்கும் வெறும் நிலத்தைப் பற்றியது. ஊர் மைதானம், பந்தாட்டக் களம், சிறுவர் பூங்கா, வயோதிகர் சற்று உட்கார்ந்து இளைப்பாறும் திண்டு: இவை பழுதடைந்து கிடந்தால் அது யாருடைய குற்றம்? அவற்றைச் சீர்ப்படுத்துவது தர்மமா, நியாயமா? அதாவது, கையில் மிஞ்சியதைப் போடும் பிச்சையா, அல்லது கொடுத்தே தீரவேண்டிய கடனா? வெளிப்பார்வைக்கு இது நகராட்சி அலுவலகத்தில் கேட்கவேண்டிய கேள்வியாகத் தோன்றும். சற்று ஆழ்ந்து பார்த்தால், இது நம் ஒவ்வொருவருடைய மனச்சாட்சியையும் தட்டும் கேள்வி என்பது விளங்கும்.

உங்களில் பலர் தறியில் உட்காருகிறவர்கள். மற்றவர்களும் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களே. ஆகவே உங்களுக்குத் தெரிந்த காரியத்திலிருந்தே தொடங்குகிறேன். பல சேலைகளுக்கான பாவு ஒரே நீளமாக இருக்கும். அதை நீட்டிக் கட்டி, அறுந்த இழையை முடிந்து, சீர்செய்ய எந்த நெசவாளி வீட்டிலும் இடம் போதாது. வீதி வேண்டும், வெளி வேண்டும். சேலம் வட்டாரத்து நெசவு ஊர்களில் இதற்கென்றே பொது நிலம் விட்டிருந்தார்கள். அதற்குப் ‘பாவடி’ என்று பெயர். அது எந்தத் தனி வீட்டுக்கும் சொந்தமல்ல. ஆனால் அது இல்லாமல் எந்த வீட்டிலும் நெசவு இல்லை. நம் முன்னோர் படித்த பொருளாதாரம் இவ்வளவுதான்: ஒருவன் தன் வீட்டுக்குள் செய்யும் வேலை நன்றாக நடக்கவேண்டுமானால், எல்லாருக்கும் பொதுவான ஓர் இடம் வீட்டுக்கு வெளியே இருக்கவேண்டும்.

துணி நெய்வதற்கு இது உண்மையானால், மனிதரை உருவாக்குவதற்கும் உண்மையே. தறி போட்ட வீட்டை நினைத்துப் பாருங்கள். கூடம் தறிக்கு, மூலை ராட்டைக்கு, மிஞ்சிய இடத்தில் அடுப்பும் பாயும். ஓடியாடும் வயதுப் பிள்ளை அங்கே எங்கே போகும்? கை பட்டால் இழை அறும். கால் பட்டால் நஷ்டம். தோட்டமும் முற்றமும் உள்ளவனுக்கு ஊர் மைதானம் ஓர் அலங்காரம். வீட்டையே தொழிற்கூடமாக்கிக் கொண்டவனுக்கோ அது அவன் வீட்டின் விடுபட்ட பாகம். ஆகையால் மைதானம் கெட்டுப்போவது எல்லாருக்கும் சமமான நஷ்டமல்ல. ஏழைக்கே பெரிய நஷ்டம்.

சிலர் ஆட்சேபிப்பார்கள்: “சுவாமி, பட்டு நூல் விலை ஒரு பக்கம், விசைத்தறியின் போட்டி ஒரு பக்கம், கடன் ஒரு பக்கம். பிள்ளை படிக்கட்டும், அல்லது தொழில் பழகட்டும். ஆட்டத்துக்கு மைதானம் கேட்கும் காலமா இது?” இந்த ஆட்சேபம் கஷ்டப்படுகிறவர்கள் வாயிலிருந்து வருவது, ஆகவே அதை அலட்சியமாகத் தள்ளக்கூடாது. ஆனால் அது சரியான நியாயமல்ல.

அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் விளையாட்டைப் பற்றியே தனியாக விசாரித்திருக்கிறார். அவர் எடுத்துக்காட்டும் பழைய கதை ஒன்றுண்டு. அர்ச். அருளப்பர் தம் சீஷர்களோடு பொழுதுபோக்கிக் கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல்பட்டார்கள். வில் வைத்திருந்த ஒருவனை அவர் அழைத்து, அம்பு எய்யச் சொன்னார். பலமுறை எய்தபின், ஓயாமல் இப்படியே எய்ய முடியுமா என்று கேட்டார். அப்படிச் செய்தால் வில் முறிந்துபோகும் என்றான் அவன். மனித மனமும் அவ்வாறே என்றார் அப்போஸ்தலர். சரீரத்துக்குத் தூக்கம் எப்படியோ, ஆத்துமத்துக்கு விளையாட்டு அப்படி என்பது அக்குவீனாசின் கருத்து. அளவு மீறிய ஆட்டம் குற்றம் என்கிறார். அதோடு, விளையாட்டே ஆகாது என்று முகம் சுளிப்பதும் ஒரு குறை என்கிறார்.

குழித்தறியில் நாள் முழுதும் முதுகை வளைத்து, கண்ணை இழையிலே பதித்து, காலால் மிதித்து உழைக்கிறவர்களுக்கு இந்தப் போதனை எளிதில் விளங்கும். நெசவு கையையும் கண்ணையும் பழக்கும். மார்பை விரித்து மூச்சு வாங்க வைக்காது. மைதானத்தில் அரைமணி நேரம் நடப்பது அவர்களுக்குச் சோம்பலாகாது. அடுத்த நாள் வேலைக்கு அதுவே மூலதனம். பிள்ளைகளுக்கோ இன்னும் அதிகம். 1989-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கை, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமைகளில் சேர்த்தது. வத்திக்கான் 1990-லும் இந்தியா 1992-லும் அதில் சேர்ந்தன. நம் நாட்டின் 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமும் பள்ளிக்கூடத்துக்கு வேண்டியவற்றில் விளையாட்டிடத்தைக் குறித்திருக்கிறது. உரிமை என்று ஒப்புக்கொண்ட பிறகு, அதைச் சலுகையென்று பேசுவது தகாது.

நிற்க. மைதானம் வேண்டும் என்பதில் அநேகமாக யாருக்கும் தகராறில்லை. பின் ஏன் அது பாழாகிறது? பலருக்குப் பொதுவான பொருள் குறைந்த கவனிப்பையே பெறுகிறது என்று கிறிஸ்துவுக்கு முந்நூறு வருஷங்களுக்கு முன்னமே அரிஸ்டாட்டில் கண்டு சொன்னார். என்னுடையதை நான் காப்பேன். உன்னுடையதை நீ காப்பாய். நம்முடையதை யாராவது காப்பார்கள் என்று இருவரும் இருந்துவிடுவோம். திருடன் வந்து மைதானத்தைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. ஒருவர் குப்பை கொட்டுகிறார், ஒருவர் வண்டியை நிறுத்துகிறார், ஒரு கூட்டத்துக்குப் பந்தல்கால் நட்ட குழி மூடப்படாமல் கிடக்கிறது, மழைத் தண்ணீர் தேங்குகிறது, பிள்ளைகள் ஒதுங்குகிறார்கள். பிறகு, “யாரும் உபயோகப்படுத்தாத இடந்தானே” என்று வேறொன்றைக் கட்ட வருகிறார்கள்.

வேறொன்று என்பது கெட்ட காரியமாகவே இருக்கும் என்பதுமில்லை. இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். சென்னைப் பட்டணத்தின் கதையைக் கேளுங்கள். 1859-ல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், ஜனங்களுக்கென்று 116 ஏக்கரில் ‘பீப்பிள்ஸ் பார்க்’ என்னும் பூங்கா அமையக் காரணமாயிருந்தார். பின்னர் அந்த நிலத்திலே விக்டோரியா மண்டபம் எழுந்தது, 1900-ல் மூர் மார்க்கெட் வந்தது, 1913-ல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது, விளையாட்டரங்கமும் வந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நல்ல காரியமே. எல்லாம் சேர்ந்தபோது பூங்கா ஏறக்குறைய மறைந்துபோயிற்று. பொதுநிலம் தீய எண்ணத்தால் மாத்திரம் அழிவதில்லை. ஒவ்வொரு துண்டாக, நல்ல எண்ணத்தாலும் அழிகிறது.

இதற்கு எதிரான உதாரணமும் உண்டு. பெங்களூரில் ராஜமகால் விலாஸ் குடியிருப்பில், பூங்காவுக்கென்று திட்டத்தில் ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனை கட்ட அளித்துவிட்டார்கள். அங்கே குடியிருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். சுப்ரீம் கோர்ட் 1991-ல் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. மருத்துவமனை நல்லதல்லவா என்று யாரும் கேட்பார்கள். நல்லதுதான், ஆனால் அது பூங்காவுக்கு ஈடாகாது. நோயாளியைக் குணப்படுத்த ஓர் இடம் வேண்டும். நோயாளி ஆகாமலிருக்கவும் ஓர் இடம் வேண்டும். மேலும், எல்லாருக்கும் என்று கொடுத்த வாக்கை, ஒரு சிலருக்காக மாற்றும் அதிகாரம் எவருக்கும் இல்லை.

இனி, சீர்ப்படுத்துவதைப் பற்றிச் சொல்லுகிறேன். தமிழ்நாட்டில் இதற்குப் பணம் ஒதுக்கப்படாமல் இல்லை. 2023-ல் ஆசியச் சாம்பியன் கோப்பை ஹாக்கிப் போட்டிக்காகச் சென்னை எழும்பூர் மைதானத்தில், பாரிஸ் ஒலிம்பிக்கில் உபயோகிக்க இருந்த ரகத்துச் செயற்கைப் புல்தரையைப் போட்டார்கள். சட்டமன்றத் தொகுதிதோறும் சிறு விளையாட்டரங்கம் என்று அறிவித்து, முதற்கட்டமாகப் பத்துத் தொகுதிகளை, தொகுதிக்கு 3 கோடி ரூபாய் என்ற கணக்கில், எடுத்துக்கொண்டார்கள். 2024-ல் 12,000-க்கு மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்கு 33 வகை விளையாட்டுச் சாமான்கள் கொடுக்கும் திட்டமும் தொடங்கியது. இவை பாராட்டத்தக்கவை. ஆனால் சாமான் கொடுப்பது வேறு, களம் காப்பது வேறு. திறப்பு விழாவுக்கு மாலையும் மேளமும் உண்டு. அடைத்துக்கொண்ட சாக்கடையைத் திறப்பதற்கு மாலை கிடையாது. கட்டும்போது செலவைக் கணக்கிடுகிறவர்கள், பத்து வருஷம் காக்கும் செலவையும் அதே தாளில் எழுதவேண்டும். இல்லாவிட்டால் இன்றைய புதுமை நாளைய பாழ்.

இதைவிட முக்கியமான பரீட்சை ஒன்றிருக்கிறது. சீர்ப்படுத்திய பிறகு உள்ளே வருகிறவர் யார்? வேலி, விளக்கு, பச்சைத் தரை, பார்வையாளர் மேடை எல்லாம் வந்தபின், வாசலில் ஒரு பூட்டும் மணிக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணப் பலகையும் வந்தால், முந்தைய புழுதியிலே வெறுங்காலோடு பந்து துரத்திய பிள்ளை வெளியே நிற்பான். மைதானம் அழகாகிவிட்டது, ஆனால் அது அவனுடையதாக இல்லை. அவனிடமிருந்து எடுத்து வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டோம். இதைத் திருட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் நியாயத்தின் தராசிலே அதன் எடை அதுவே. காவலுக்கும் பராமரிப்புக்கும் பணம் வேண்டாமா என்றால், வேண்டும்; வசதியுள்ள குழுவிடம் வாங்கலாம். ஆனால் பொழுது விடிந்ததும் எவனும் யாரையும் கேட்காமல் நுழையும் வாசல் ஒன்று திறந்தே இருக்கவேண்டும்.

நம் கோட்டை மைதானத்தையே நினைத்துப் பாருங்கள். 1751-ல் ஆரணிக்கருகே கிளைவின் படையும் ரசா சாகிபின் படையும் மோதின. 1782-ல் ஹைதர் அலியின் தளவாடங்கள் ஆரணிக் கோட்டையில் இருந்தன. அதைக் குறிவைத்து சர் அயர் கூட் படை நடத்தி வந்தார். அந்தக் காலத்தில் ஆயுதம் இல்லாதவனுக்குக் கோட்டையருகே என்ன வேலை? நெசவாளியின் மகன் இன்று அங்கே கேள்வியில்லாமல் கால் வைக்கிறான். இது ஊர் அடைந்த பெரிய லாபம். இதை ஒரு வாசற்பூட்டுக்கு இழந்துவிடலாகாது.

ஆகவே, எந்த மைதானத்தைச் சீர்செய்தாலும் வரிசை இதுவாக இருக்கட்டும். முதலாவது, தரை சமமாக்குதலும் மழைநீர் வடிகாலும். இரண்டாவது, குடிநீரும், பெண்களுக்குத் தனியாகப் பூட்டும் தண்ணீரும் உள்ள கழிப்பிடமும். மூன்றாவது, விளக்கு. நான்காவது, நிழல் தரும் மரமும் உட்காரத் திண்டும். ஐந்தாவது, சம்பளம் பெறும் ஒரு காவலாள். மேடையும் வளைவும் பெயர்ப்பலகையும் இவற்றுக்குப் பின்னால் வரட்டும்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர் மைதானம் என்கிறோம். மாலையில் அங்கே ஊரில் பாதியைக் காண்கிறோமா? பாவு, தார் என்று வீட்டில் பாதி வேலை தாய்மார்களுடையதும் மகள்மாருடையதும். ஓய்வில் மட்டும் அவர்களுக்குப் பங்கில்லையா? கழிப்பிடமும் வெளிச்சமும் இல்லாத மைதானத்தில், பலகை எழுதித் தொங்கவிடாமலே பெண்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறது. பெற்றோரே, உங்கள் மகளைப் பந்து விளையாட அனுப்பத் தயங்குவீர்களானால், தயக்கத்துக்குக் காரணமான இருட்டை நீக்கச் சொல்லிக் கேளுங்கள்; மகளை நிறுத்தாதேயுங்கள்.

நம்மால் ஆவதென்ன? கேட்பதும் காப்பதும். தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்க 2022-ல் விதிகள் வந்தன. அந்தச் சபை கூடும் நாளில் நம் தெருவின் குறையோடு மைதானத்தின் குறையையும் எழுதிக் கொடுங்கள். எவ்வளவு செலவு, யார் காப்பது, வாசல் திறக்கும் நேரம் என்ன என்று மரியாதையாகவும் தெளிவாகவும் கேளுங்கள். வீட்டு விசேஷத்துக்கு மைதானத்தை உபயோகித்தால், குழியை மூடி, இலையை அள்ளிவிட்டுத் திரும்புங்கள். உங்கள் பிள்ளை உடைத்ததை நீங்களே சரிசெய்து கொடுங்கள். பொதுச் சொத்து என்றால் என்ன என்று அவன் அன்றே படிப்பான். சொந்த மைதானம் உள்ள பள்ளிகளும் ஸ்தாபனங்களும், நம் திருச்சபையைச் சேர்ந்தவை உட்பட, மாலை மணி அடித்தபின் அந்த வாசலை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறக்கலாமா என்று யோசிக்கக் கடமைப்பட்டவை. ஊரைத் திறக்கச் சொல்லுகிறவர்கள் தங்கள் கதவைப் பூட்டி வைப்பது அழகல்ல.

பின்னொரு நாளில் ஒரு மைதானம் புதிதாகத் திறக்கப்படும்போது, புகைப்படத்தில் முன்வரிசையில் நிற்பவர்கள் யார் என்று பார்க்காதீர்கள். ஆறு மாதம் கழித்து, மழை பெய்த மறுநாள் சாயங்காலம் அங்கே போங்கள். கையில் காசில்லாத பிள்ளையும், பள்ளி விட்ட பெண்ணும், தறியை விட்டிறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும் பெரியவரும் உள்ளே இருந்தால், செலவழித்த பணம் நியாயமாகச் செலவாயிற்று என்று அறிந்துகொள்ளுங்கள். இல்லையானால், மறுபடியும் போய்க் கேளுங்கள்.

உங்கள் பங்குக் குரு