இலையில் என்ன, பந்தியில் யார்?

சென்னையானாலும் சிங்கப்பூரானாலும் ஓட்டல் பலகையில் ‘செட்டிநாடு’ என்றிருந்தால் அடுத்த சொல் பெரும்பாலும் கோழிதான். அதே கோழியைக் காரைக்குடிப் பக்கத்துச் செட்டியார்களான நகரத்தார் கல்யாணப் பந்தியில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி, மண்டி என்று இலை முழுக்கச் சைவம்.

இளையாத்தங்குடி, பிள்ளையார்பட்டி என ஒன்பது கோயில்களைச் சொல்லித் தம்மை அடையாளம் காட்டும் சிவநெறிக் குடி இது. கறி உண்பதுண்டு என்றாலும், நாளும் இடமும் பார்த்துத்தான் உப்புக்கண்டம் அடுப்பேறும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் விரதம் முடியும்வரை புலால் தொடுவதில்லை. பிள்ளையார் நோன்பு இன்னும் அழகு. கார்த்திகைக்குப் பின் நாளுக்கோர் இழையாக 21 நாள் நூல் எடுத்துத் திரியாக்கி, அதை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறார்கள். அங்கே உண்பதே வழிபாடு.

சரி, மற்ற நாட்களில் அறத்துக்கு விடுமுறையா?

விருந்தோம்பல் குறளின் 9ஆம் அதிகாரம், இல்லறவியலில் இருக்கிறது. புலால் மறுத்தல் 26, கொல்லாமை 33, இரண்டும் துறவறவியலில். ஆகவே குடும்பஸ்தனுக்கு விலக்கு உண்டு என்று வாதிடுவோர் உண்டு. கெட்டிக்கார வக்கீல்கள்! ஆனால் தின்பதற்காக வாங்குபவர் இல்லையென்றால் விற்பவரும் இருக்கமாட்டார் என்ற சந்தைக் கணக்கை வள்ளுவர் அந்த 26ஆம் அதிகாரத்திலேயே போடுகிறார். இரந்துண்ணும் துறவிக்குக் கறிக்கடையில் என்ன வேலை? ஞாயிற்றுக்கிழமை பையோடு நிற்பவரைப் பார்த்துத்தான் அந்தப் பேச்சு. விரத நாளில் கறிச்சட்டியை ஒதுக்கி வைக்கும் வீடும் புலால் மறுப்பதே அறம் என்பதை உள்ளூர ஒப்புக்கொள்ளத்தான் செய்கிறது.

இதனால் புலால் உண்ணாதவர் எல்லாம் உயர்ந்தவர் ஆகிவிடுவதில்லை. கறி உண்பவர்களானாலும், 1813இல் காசியில் சத்திரம் கண்ட நகரத்தாருக்கு, வழிப்போக்கனின் பசி தங்கள் பொறுப்பு என்று தெரிந்திருந்தது. கொலையும் புலாலும் தவிர்க்காதவரைத் தம் நெறியின் உள்வட்டத்தில் சேர்க்காத வள்ளலார்கூட, அவர்களுக்குப் பசி வந்தால் சோறு போடச் சொன்னார். 1867இல் வடலூரில் தொடங்கிய தருமசாலையின் அடிப்படையே அந்தக் கருணைதான். பட்டினியைப் போக்குவது முதல் கடமை, நெறி பேசுவது அதற்குப் பிறகு என்பதே அவர் வைத்த வரிசை.

இன்று நம் நகரங்களில் ‘சைவர்களுக்கு மட்டும்’ என்று வாடகை வீட்டுக்கு விளம்பரம் வருகிறது. வள்ளலார் வைத்த தேர்வில் இந்தச் சைவம் தேறாது.