நித்திரை யாருக்குச் சொந்தம்?

தருமபுரிப் பேருந்து நிலையத்தில் விடியுமுன் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் புறப்படுகிறவர்கள் ஏறிக்கொண்டிருக்க, ஓசூரில் இரவு ஷிப்டு முடித்தவர்கள் கண் சிவந்து இறங்கிக்கொண்டிருப்பார்கள். அப்படி இறங்குகிறவர் ஒருவரின் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வந்து படுக்கும் வேளையில், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்காக நள்ளிரவு தாண்டி விழித்திருந்த பையன் எழுப்பப்படுகிறான். இருவருக்கும் சோறாக்க வேண்டிய தாய் நாலு மணிக்கே எழுந்தாயிற்று. ஒரே கூரையின் கீழ் மூன்று இரவுகள்.

இதில் பாவ புண்ணியக் கேள்வி என்ன இருக்கிறது என்பீர்கள். ஏழு தலையான பாவங்களில் சோம்பலும் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்த நாம், தூக்கத்தையும் அதோடு சேர்த்துச் சந்தேகக் கண்ணோடு பார்த்தே பழகிவிட்டோம். பையன் புத்தகத்தின்மேல் தலை சாய்த்தால், ‘முகத்தைக் கழுவிக்கொண்டு வா’ என்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் தூங்குகிற மனம் சும்மா இருப்பதில்லை. ஜெர்மனியில் லூபெக் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் சிலருக்கு எண் கணக்குகள் கொடுத்துப் பார்த்தார்கள். நீட்டிப் போட்டும் விடை காணலாம். உள்ளே ஒளிந்திருக்கும் குறுக்கு வழியைக் கண்டுகொண்டால் சட்டென்றும் முடிக்கலாம். அப்படி ஒரு வழி இருப்பதை யாருக்கும் சொல்லவில்லை. கணக்கில் பழகியபின் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவர்களில் அதைக் கண்டுபிடித்தவர்கள், அவ்வளவு நேரமும் விழித்திருந்தவர்களைப் போல் இருமடங்குக்கும் அதிகம். 2004-ல் இது வெளியாயிற்று. படித்ததை நினைவில் வைப்பது மட்டுமல்ல, புதிதாக ஒன்றைக் காண்பதும் நித்திரைக்குள் நடக்கிற வேலைதான்.

அர்ச். இஞ்ஞாசியார் இதைத் தம் அனுபவத்தில் அறிந்திருந்தார் போலும். 1548-ல் அச்சான ஆன்மப் பயிற்சி நூலில் அவர் சொல்லும் யோசனை மிகச் சிறியது. படுத்தபின், கண் அயரப்போகும் தறுவாயில், ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லும் நேரமளவு, காலையில் எந்நேரம் எழவேண்டும், எதைத் தியானிக்கவேண்டும் என்று நினைத்துக்கொள்ளச் சொல்கிறார். அதற்குமேல் இரவெல்லாம் மூளையைக் கசக்கச் சொல்லவில்லை. சுவிசேஷத்து உழவனும் விதைத்துவிட்டுத் தூங்கத்தான் போனான். பயிர் எப்படி முளைத்ததென்று அவனுக்கே தெரியாது. நம் கேழ்வரகுக் காட்டிலும் அப்படித்தானே?

இதுவரை சொன்னது அவரவர் சொந்தக் காரியம்போலத் தோன்றும். அப்படியல்ல என்று எனக்குக் காட்டியவை மதுரைப் பக்கத்து வௌவால்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன், மாரிமுத்து, சுப்பராஜ் ஆகியோர், பூச்சி தின்னும் சிறு வௌவாலைக் கூண்டிலிட்டு வெளிச்சமே எட்டாத குகைக்குள் வைத்தார்கள். மற்ற வௌவால்கள் அந்தியில் வெளியேறி விடியுமுன் திரும்பும் குகையில், கூண்டுக்குள் இருந்ததும் அவற்றோடு ஒத்தே விழித்தது, ஒத்தே அடங்கியது. கூட்டமில்லாத குகையிலோ அதன் நேரம் நாளுக்கு நாள் நழுவிப் போயிற்று. சூரியனைக் காணாத அந்த ஜீவனுக்குத் தன் இனத்தாரின் வரவும் போக்குமே கடிகாரம்.

மேதைக்கு நேரங்காலம் உண்டா என்று கேட்டு, ஈரோட்டில் பிறந்த கணித மேதை இராமானுஜனைக் காட்டுகிறவர்கள் உண்டு. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் கணக்கைக் காட்டுவதாகவே அவர் நம்பினார். ஆகவே உறக்கம் அவருக்கும் பகையல்ல. 1914-ல் கேம்பிரிட்ஜ் போனபின், முப்பது மணி நேரம் ஓயாமல் உழைத்து இருபது மணி நேரம் உறங்கிய நாட்களும் உண்டென்று அவர் சரித்திரத்தை எழுதியோர் கூறுகிறார்கள். சமையலும் தாமே, இலை போட்டுச் சாப்பிட வா என்றழைக்க வீட்டார் யாருமில்லை. 1917-ல் நோயில் விழுந்தார். 1920-ல், 32-ஆம் வயதில் மறைந்தார். நோய்க்குக் காரணம் இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. கூட்டமில்லாத குகை என்று மட்டுமே சொல்கிறேன்.

ஒருவர் தூக்கம் மற்றவர் கையிலும் இருக்கிறதென்றால், அதைக் கெடுப்பது அவர் புத்தியில் ஒரு பங்கைக் களவாடுவதற்குச் சமம் என்பதே என் அபிப்பிராயம். ஏழாம் கற்பனையை வைத்து ஆத்தும சோதனை செய்யும்போது இது நம் நினைவுக்கே வருவதில்லை. நள்ளிரவில் சத்தமாக வைத்த கைப்பேசி, பகலில் இரவு ஷிப்டுக்காரர் தூங்கும் அறைக்குப் பக்கத்தில் ஓடும் தொலைக்காட்சி, ஊரார் திருவிழா ஒலிபெருக்கி (நம் கோவில் திருவிழாவும் இதற்கு விலக்கல்ல), எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

மறுபடியும் அந்த வீட்டுக்கு வருவோம். தகப்பனார் தூங்கினால் ‘சத்தம் போடாதே’ என்கிறோம், சம்பளம் கொண்டுவருகிறவர் என்று. பையன் தூக்கத்தையும் மதிப்பெண்ணுக்காகவாவது இனிக் காப்போம். தாயின் தூக்கத்துக்கு மட்டும் விலை போடுவார் இல்லை. சீட்டுப் பணம் கட்டுவது எப்படி, மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, மாமியாரின் சர்க்கரை வியாதிக்கு எங்கே காட்டுவது, இத்தனையும் யோசித்து வழி காண்கிறவள் அவள்தான். அதுவும் அரைத் தூக்கத்தில். இரவு சாப்பிட்ட பாத்திரங்களைப் பையன் தேய்த்துக் கவிழ்த்து, காலைக்குக் காய் நறுக்கி வைத்துவிட்டு ஒன்பதரைக்குப் படுத்தானானால், அவள் நாலுக்குப் பதில் ஐந்து மணிக்கு எழுந்தால் போதும்.